இன்று பிணப்பூச்சு

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். பெரியக்கா, சின்னக்கா, கடைசியாக நான். பெரியக்காவுக்கு வாய் நீளம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நடுவில் மாட்டிக்கொண்ட சின்னக்காவுக்கு இரண்டும் கிடையாது. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருப்பாள். "இவளைச் சுவருக்கே கட்டிக் கொடுத்துடலாம்" என்று பெரியக்கா கேலி செய்வாள். கடைசியில் சின்னக்கா யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் ஆனாள்.

டிராயிங் டீச்சர் பிழைப்பு எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் வந்து பீரியடைக் கேட்பார். நெருங்காவிட்டாலும் கேட்பார். "எடுத்துக்குங்க" என்று சாக்பீஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவள் வெளியே வந்துவிடுவாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு பாடத்தையாவது முழுதாக நடத்தியிருப்பாளா என்பதே சந்தேகம். வீட்டில் துணி தேய்க்கிற மேஜைமேல் கேன்வாஸைச் சாய்த்து வைத்து முகங்கள் வரைவாள். என் முகம், பால் போடுகிறவர் முகம், மாடி வீட்டுக்காரர் முகம். யாரும் வாங்கியதில்லை. அவளும் விற்கப் பார்த்ததில்லை.

இவளைப் போய் ஊர் ஓவியக்கூடம் கூப்பிட்டது! ஈ காக்கை நுழையாத கூடம் அது. மாட்டியிருக்கிற படங்களைப் பார்க்கத்தான் ஆள் வரவில்லை, படம் போடுகிறவர்களையே கொண்டுவந்து உட்கார வைத்தால் வருவார்கள் என்று அங்கே பொறுப்பில் இருந்த மேடத்துக்கு யோசனை வந்ததாம். சுவர்களைக் காலி செய்துவிட்டு, கூடத்தின் நடுவில் படத்தைச் சாய்க்கிற சட்டத்தையும் மேஜையையும் வர்ண டப்பாக்களையும் போட்டார்கள். கதவு விரியத் திறந்திருக்கும். தெருவில் போகிற எவரும் உள்ளே வந்து, வரைகிறவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். சின்னக்காவுக்கு 'உறைவிடக் கலைஞர்' என்று பட்டம் வேறு. அங்கேயே தங்கப்போகிறாள் என்று நினைத்துப் போர்வை எடுத்து வைக்கவா என்று கேட்டேன்.

"சாயங்காலம் பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குத்தான்டா வருவேன்" என்றாள். அப்புறம் என்ன உறைவிடமோ!

யாரை வரையப்போகிறாய் என்றதற்கு யோசிக்காமல் "பெரியக்காவை" என்றாள்.

பெரியக்கா அப்போது சிகிச்சையில் இருந்தாள். மார்பில் வந்த கட்டியை எடுத்தார்கள். அது வேறு இடத்தில் வந்தது. மருந்து ஏற ஏற முடியெல்லாம் கொட்டி, தலையில் பூப்போட்ட துணி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் ஒரு அங்குலம் குறையவில்லை. சின்னக்கா பென்சிலோடு எதிரே போய் உட்கார்ந்ததும், "வரைடி, வரை. பார்க்கிறவன் பயந்து ஓடாத மாதிரி வரை" என்றாள்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரே மகள் தொலைதூரத்தில், ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போகிற தூரத்தில், வயிற்றுப் பிள்ளையோடு படுக்கையில் இருந்தாள். அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெரியக்காவுக்கு அவள் பக்கத்தில் போய் இருக்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் அத்தான், "இந்த ஊசி எல்லாம் முடியட்டும்மா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்பார். அவளும் சரி சரி என்று கையை நீட்டி ஊசியை வாங்கிக்கொள்வாள்.

பிறகு ஒரு நாள் டாக்டர் அத்தானையும் சின்னக்காவையும் தனியாகக் கூப்பிட்டார். இனி ஊசி போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். அதிக நாள் இல்லை. பார்க்க வேண்டியவர்களைப் பார்த்துவிடட்டும் என்றார். அத்தான் ஆஸ்பத்திரி கேன்டீனில் என்னையும் வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே படுத்துடுவா. என்மேல சத்தியம்" என்றார்.

"அப்ப பொண்ணைப் பார்க்க எப்பப் போறது?" என்று சின்னக்கா கேட்டாள்.

அத்தான் டீக் காசை எண்ணி மேஜைமேல் வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில் மூன்று பேரும் இறங்கினோம். அவளுக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று ஊசியைக்கூட நிறுத்தவில்லை. அத்தானுக்கும் எனக்கும் அது வந்தது. சின்னக்காவுக்கு வரவில்லை. பெரியக்காவின் முகத்தைப் பார்த்தால் தன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, கூடத்தில் வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லிப் போவதையே நிறுத்திவிட்டாள். "படம் போட என் மூஞ்சி வேணும், என்னைப் பார்க்க மட்டும் மகாராணிக்கு நேரமில்லை" என்று பெரியக்கா என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

கூடத்திலும் முதலில் சின்னக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டால் தூரிகை நின்றுவிடும். வருகிறவர்கள் சும்மா வருவார்களா? "இது வேலையா, பொழுதுபோக்கா?", "போட்டோ எடுத்தா ஒரு நிமிஷத்துல முடியுமே?" என்று குடைவார்கள். எனக்கென்றால் டப்பாவைத் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் சின்னக்கா பதில் சொல்லத் தொடங்கினாள். கேட்பவர்கள் நின்று கேட்டார்கள். பீரியடை யாரும் பிடுங்கவில்லை! இத்தனை வருஷம் உள்ளே கிடந்த பாடமெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. நான் வேன் ஓட்டுகிறவன். அந்தப் பக்கம் சரக்கு இறக்கப் போனால் எட்டிப் பார்ப்பேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிற அந்தப் பெண் என் அக்காதானா என்று இருக்கும். ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் எரிச்சல். அங்கே ஒருத்தி போய்க்கொண்டிருக்கிறாள், இங்கே இவளுக்குப் பாடம் கேட்கிறதா என்று.

கதவருகே ஒரு கரும்பலகை வைத்திருந்தார்கள். அன்றைக்கு உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று வரைகிறவர் எழுத வேண்டும். 'இன்று கேன்வாஸ் இழுத்துக் கட்டுகிறோம்', 'இன்று கோடு போடுகிறோம்' என்று சின்னக்கா தன் டீச்சர் கையெழுத்தில் அழகாக எழுதினாள். அதன் பிறகுதான் அந்த வினை வந்தது.

முகம் வரைகிறவர்களில் சிலர் தோல் நிறத்தை நேராகப் பூசமாட்டார்கள். முதலில் முகம் முழுக்க மங்கலான பச்சையில் ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகு அதன்மேல் சிவப்பும் மஞ்சளும் மெல்லிசாக ஏற்ற ஏற, அடியில் இருக்கிற பச்சையால்தான் தோலுக்கு உயிர் வரும். படித்த காலத்தில் சின்னக்காவும் அவள் கூட்டாளிகளும் அந்தப் பச்சைக்கு வைத்த பெயர் பிணப்பூச்சு. எங்கள் வீட்டிலும் அதுதான் பேச்சு. என் படம் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த நிலையிலேயே சுவரில் சாய்ந்து கிடந்தது. "பொணத்தைத் தள்ளி வைடி, கூட்டணும்" என்று எங்கள் அம்மா சொல்லுவாள். பெரியக்கா அதற்கெல்லாம் முன்பே கல்யாணமாகிப் போய்விட்டாள். அவளுக்கு இந்த வார்த்தை தெரியாது.

சின்னக்கா பெரியக்காவின் முகத்துக்குப் பச்சை பூசினாள். பலகையில், 'இன்று பிணப்பூச்சு. உள்ளே வந்து பார்க்கலாம்' என்று எழுதினாள். அவளுக்கு அது சாணி மெழுகுவது, சுண்ணாம்பு அடிப்பது மாதிரி ஒரு வேலையின் பெயர். வேறொன்றும் தோன்றவில்லை. மேடத்துக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. என்னது ஏதென்று கூட்டம் வரவும், "இன்னொரு நாளைக்கும் இருக்கட்டும், அழிக்காதீங்க" என்றாராம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டு நுணல் தன் கையாலேயே எழுதிக் கெட்டது.

வந்த கூட்டத்தில் அத்தானின் தங்கையும் ஒருத்தி. பெரியக்காவின் நாத்தனார். பலகையை ஒரு போட்டோ, பச்சை முகத்தை ஒரு போட்டோ எடுத்து, 'நம்ம அண்ணியைத்தான் வரைஞ்சிருக்காங்க. ஏன் இப்படின்னு தெரியல. மனசே சரியில்லை' என்று எழுதிக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டாள். மனசு சரியில்லாதவள் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியதுதானே! அந்தக் குரூப்பில் பெரியக்காவும் இருக்கிறாள் என்பது மகராசிக்குத் தெரியாதா?

மறுநாள் பெரியக்கா என்னைப் போனில் கூப்பிட்டாள். கத்துவாள் என்று காதைத் தள்ளி வைத்தேன். கத்தவில்லை.

"வேனை எடுத்துட்டு வாடா. அவ கூடத்துக்குப் போகணும்."

அத்தான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அத்தானும் பின்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் பேச்சில்லை. வாயாடி வாய் திறக்காமல் வருவதைவிடப் பயமானது எதுவுமில்லை.

கதவருகே நின்று பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி மெதுவாகப் படித்தாள். அப்புறம் உள்ளே போனாள். கல்லூரிப் பிள்ளைகள் சிலர், காய்கறிப் பையோடு ஒரு பெரியவர், அந்த மேடம் எல்லாரும் நின்றிருந்தார்கள். சின்னக்கா எங்களைப் பார்த்ததும் தூரிகையைக் கீழே போட்டாள். சட்டத்தில் பெரியக்காவின் முகம், தலைத்துணியோடு, பச்சையாக இருந்தது. முன்பே பார்த்த எனக்கே, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்க முடியவில்லை.

"செத்துட்டேனாடி?" என்றாள் பெரியக்கா.

"ஐயோ அக்கா! அது அடிப்பூச்சு. எல்லா முகத்துக்கும் இப்படித்தான் போடுவேன். தம்பியைக் கேளு, அவனுக்கும் போட்டிருக்கேன். இரு, இரு, காட்டறேன்."

சிவப்பையும் மஞ்சளையும் குழைத்து, கன்னத்தில் மெல்லிசாக இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். எப்படித்தான் வந்ததோ, அந்த ஒரு கன்னம் மட்டும் தொட்டால் சுடும்போல ஆயிற்று. சுற்றி நின்றவர்கள் "அட!" என்றார்கள். பெரியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரி. புரிஞ்சுது. பச்சை உன் தொழில். அதுல குத்தமில்லை" என்றாள். "இப்ப என் மூஞ்சியைப் பாரு. டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"எல்லாம் நல்லாத்தான் சொன்னாரு, வாம்மா போகலாம்" என்று அத்தான் தோளைத் தொட்டார்.

"உங்களைக் கேட்கலை. அவளைக் கேட்கறேன். ஏன்டி என்னைப் பார்க்க வர்றதை நிறுத்தினே?"

சின்னக்கா அத்தானைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஊசி கேட்கலை அக்கா" என்றாள். "இனிமே போட்டாலும் கேட்காதாம். நாள் அதிகமில்லைன்னாரு."

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு விசும்பினார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து, காய்கறிப் பைக்காரர் என் பக்கமாகச் சாய்ந்து கேட்டார்: "தம்பி, இதுவும் நிகழ்ச்சியில ஒரு பகுதியா?"

"ஆமாய்யா! அடுத்து நான் உங்க பல்லை உடைப்பேன், அதுவும் நிகழ்ச்சிதான். பார்த்துட்டுப் போறீங்களா?" என்று கத்திவிட்டேன். மேடம் ஓடிவந்து எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். அந்தக் கூடத்தின் கதவை அன்றுதான் சாத்திப் பார்த்தேன்.

பெரியக்கா அழவில்லை. "எப்பச் சொன்னாரு?" என்று கேட்டாள். சின்னக்கா சொன்னாள். "அதுக்கப்புறமும் போய் ஊசி போட்டுக்கிட்டேனே. போட்டுக்கிட்டு வந்து வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடந்தேனே. அந்த நாள்ல எல்லாம் என் பொண்ணு பக்கத்துல இருந்திருப்பேனே! மூணு பேர்ல ஒருத்தருக்கு வாயில்லையா?"

"நீ உடைஞ்சுடுவேன்னு…" என்று தொடங்கினேன்.

"உடைஞ்சா என்னடா? நான் உடையறதுக்கு உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

பிறகு அத்தானைப் பார்த்து, "எழுந்திருங்க. முகத்தைத் துடைங்க" என்றாள். குரல் தணிந்திருந்தது. எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "நான் என் பொண்ணுகிட்டப் போய் இருக்கப்போறேன். அவகிட்ட யாரும் வாயைத் திறக்கக்கூடாது. குழந்தை நல்லபடியாப் பிறக்கணும். ஊசியெல்லாம் முடிஞ்சு நல்லா ஆயிட்டேன்னு சொல்லுங்க. என்மேல சத்தியம்."

"அக்கா, இப்பத்தானே எங்களை அந்தக் கேள்வி கேட்டே!" என்றாள் சின்னக்கா.

"கேட்டேன். அதுக்கென்ன? நான் அவளுக்கு அம்மாடி."

நான் போனை எடுத்து ரயில் பார்த்தேன். மறுநாள் வண்டியில் கீழ்ப் படுக்கை இருந்தது. போகிறதற்கும் வருகிறதற்கும் சேர்த்தே போட்டுவிடவா என்று, எப்போதும் கேட்கிற வழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"போறதுக்கு மட்டும் போடுடா" என்றாள்.