பேர் இல்லாத கேள்விகள்

வெக்ஸ்போர்டில் நான் துப்புரவு வேலை செய்யிற முதியோர் கட்டடத்தில் ஒரு ஐரிஷ்காரர் இருந்தார். உள்ளேயும் தொப்பியைக் கழற்றமாட்டார். பின்னேரங்களில் ஐரிஷ் பாராளுமன்றத்தில் ஒரு எதிர்க்கட்சி எம்பி மந்திரிமாரிடம் கேட்ட கேள்விகளை ஃபோனில் பார்த்துச் சத்தமாக வாசிப்பார்.

"ஒருவருக்கு இடுப்பு ஒப்பரேசன் எப்போது? ஒருவரின் உதவிப்பணம் ஏன் நின்றது?"

அந்த ஒருவர் ஆரென்று பேர் இராது.

ஒருநாள் ஒப்பரேசன் கேள்வி ஒன்றைக் காட்டி, "இது என்ர தங்கச்சி. நான்தான் எம்பிக்குச் சொன்னனான்" என்றார்.

"மந்திரி என்ன சொன்னவர்?"

"ஆஸ்பத்திரியைக் கேட்கட்டாம். அப்ப அவர் என்னத்துக்கு மந்திரி?"

ஒப்பரேசனுக்கு முதலே தங்கச்சி செத்துப்போனா. அவர் வாசிப்பை விடவில்லை.

"இனி ஏன் வாசிக்கிறியள்?" என்றேன்.

"மற்ற ஆக்கள் இன்னும் காத்துக்கொண்டு இருக்கினம்."

அவர்களில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. நான் மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.