வரிசையில் அணைத்த வண்டி

பெட்ரோல் பங்க் ஓரத்தில் புகை பரிசோதனை செய்யும் கூண்டு ஒன்று இருக்குமே, அதைப் பார்த்தாலே இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். கூண்டு என்ன பாவம் செய்தது? செய்ததெல்லாம் நான்.

கொரட்டூரில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே பதினைந்து வருடம் நின்ற கார் அது. என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவர். வீட்டில் எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். காரைப் பற்றி மட்டும் கேட்காமலே பேசுவார். நிற்கிற வண்டி உறுமக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். ரயில்வே கேட் மூடியிருந்தால் உடனே இஞ்சினை அணைத்துவிட்டு, அணைக்காமல் நிற்பவர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை தாங்காமல் அணைத்தவர்கள் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் நான் வண்டி ஓட்டக் கற்றபோது, கிளட்ச் எது பிரேக் எது என்று சொல்வதற்கு முன்பே இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்.

"நின்னா ஆஃப் பண்ணிடு. பின்னாடி ஸ்கூட்டர்ல நிக்கிறவன் மூஞ்சியில ஏன் புகையை ஊதணும்?"

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் கூடவே போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது. ஏதாவது வேண்டுமென்றால் இடது கையால் தட்டுவார். தண்ணீருக்கும் அதே தட்டல், ஃபேனுக்கும் அதே தட்டல். நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வரவேண்டும். சரியானதைச் சொன்னால் கண்ணை மூடித் திறப்பார். எனக்கு எப்போதும் முதலில் தண்ணீர்தான் தோன்றும்.

அதற்குப் பிறகு அவர் வெளியே வந்தது அந்தக் காரில் மட்டும்தான். யாராவது தூக்கி உட்கார வைப்பது அவருக்குப் பிடிக்காது. இந்தக் காரில் எதைப் பிடித்தால் எப்படித் திரும்பி உட்காரலாம் என்று அவருடைய உடம்புக்கே தெரியும். கதவுக்கு மேலே இருக்கும் பிடியை இடது கையால் பற்றி, ஒரு மூச்சு விட்டு, யார் தயவும் இல்லாமல் உள்ளே போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டால் போதும், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஏரியைச் சுற்றிப் போவோம், சில வாரம் ஆவடி வரை போவோம். வழியில் டீ வாங்கி வண்டிக்குள்ளேயே குடிப்போம். வாரம் முழுவதும் செத்துக் கிடக்கும் முகம் அந்த ஒரு மணி நேரம் உயிரோடு இருக்கும்.

பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான்.

"அம்மா, பதினஞ்சு வருஷம் முடியுது. ஆர்.சி. புதுப்பிக்கணும்னா முதல்ல புகை டெஸ்ட்ல பாஸ் ஆகணும். பாஸ் ஆச்சுன்னா வெச்சுக்கோங்க. ஆகலன்னா கொடுத்துடலாம். அப்புறம் அழக் கூடாது, சரியா?"

"சரிடா" என்றேன். அழுவது என் பழக்கமா என்ன?

கார் பாஸாக வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் மாற்றினான். இவர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு மேலேயிருந்தே அவனை மேற்பார்வை பார்த்தார். மிச்ச அலங்காரம் என் பொறுப்பு. பெண் பார்க்க வருகிறார்கள் என்பது போல வண்டியைக் குளிப்பாட்டி, டயருக்குப் பாலிஷ் போட்டு, சீட்டுக்குப் புது உறை மாட்டினேன். புகைக்குழாயைக்கூடத் துணியால் துடைத்து, ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். அதைப் பார்த்து பாதி முகத்தால் சிரித்தார். மீதி முகமும் சிரிக்க ஆசைப்பட்டது எனக்குத் தெரிந்தது.

பங்க் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். பரிசோதனைக்குப் போன அன்று அந்தப் பக்கம் திருப்பப் போனேன். அவர் கையை நீட்டி எதிர்ப் பக்கம் காட்டினார்.

"எங்க? பங்க் இந்தப் பக்கம்ங்க."

மறுபடியும் அதே திசைதான். சரி, ஆசைப்படுகிறார் என்று திருப்பினேன். விரலாலேயே பைபாஸில் ஏறச் சொன்னார், ஏறினேன். மதுரவாயலில் இறங்கி பூந்தமல்லி வரை போகச் சொன்னார், போனேன். இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று விரலை ஆட்டிக்கொண்டே வந்தார். மேல் கியருக்கு மாற்றப் போனால் வேண்டாம் என்று தலையசைத்தார். இஞ்சின் தொண்டை கிழியக் கத்தியது.

"இந்த வயசுல ரேஸா?" என்றேன். கண்ணை மூடித் திறந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பூந்தமல்லியில் திரும்பி, எங்கேயும் நிறுத்தாமல் நேராக பங்க்குக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே நல்ல வரிசை. கம்ப்யூட்டர் மெதுவாக வேலை செய்கிறதாம். முன்பெல்லாம் நம்பரைச் சொன்னாலே சான்றிதழ் வந்துவிடும். இப்போது மெஷின் குழாயை வண்டியின் புகைக்குழாய்க்குள் விட்டு, அதைப் படம் பிடித்து அனுப்பினால்தான் வருகிறது. முன்னால் நின்ற வேன் நகரவே இல்லை. நான் என்ன செய்வேன்? பதினைந்து வருடப் பாடம். எங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் ஒரு பெண் குழந்தையோடு நின்றிருந்தாள். அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பெரிய தர்மம் செய்கிறவள் போல இஞ்சினை அணைத்தேன்.

உடனே தட்ட ஆரம்பித்தார்.

"தண்ணியா?" கண் மூடவில்லை. "கண்ணாடியை இறக்கணுமா? பாத்ரூம் வருதா? வெயில் படுதா?" எதுவும் இல்லை. டேஷ்போர்டில் தட்டினார். பிறகு இடது கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்து நீட்டி, கியர் மேலிருந்த என் கையைப் பிடித்தார். நாக்கு வறண்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, பாட்டிலைத் திறந்து வாயருகே வைத்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடித்தார். அதற்கப்புறம் தட்டவில்லை.

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்து எங்கள் முறை வந்தது. கூண்டிலிருந்தவர் குழாயை விட்டார், திரையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஃபெயிலுன்னு காட்டுது மேடம். புகை ஜாஸ்தி கீது. மெக்கானிக்காண்ட காமிச்சுட்டு வாங்க."

என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னொரு முறை போயிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மெக்கானிக்கும் பார்த்தாகிவிட்டது, இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நெருக்கடியான பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய்விட்டு வரும். அந்த வாரமே மகன் ஏற்பாடு செய்த ஆள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை இவர் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

வாடகைக் காரை மகன் போனிலேயே வரவழைத்துக் கொடுத்தான். ஒரே ஒரு முறை போனோம். டிரைவர் நல்ல பிள்ளைதான், உதவி செய்வதாக நினைத்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். போய் வந்தோம். அடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் வாசலைத் தாண்டவில்லை.

போன மாதம் ஒரு காரியமாகக் கோவில்பதாகைக்குப் போயிருந்தேன். கடைகண்ணிக்குப் போக வைத்திருக்கும் என் ஸ்கூட்டருக்கும் சான்றிதழ் காலம் முடிந்திருந்ததால் வழியில் ஒரு பங்க்கில் நிறுத்தினேன். எனக்கு முன்னால் ஒரு பழைய கார். கூண்டில் இருந்த பெண் தலையை வெளியே நீட்டி அதன் ஓட்டுநரைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"இன்னா அண்ணாத்தே, ஆஃப் பண்ணிட்டு குந்தினுகீற? ஸ்டார்ட் பண்ணு, ஸ்டார்ட் பண்ணு!"

"லைன்ல நிக்கும்போது எதுக்கு சும்மா ஓடணும்?"

"பழைய வண்டி, இஞ்சின் ஆறிப்போச்சுன்னா மெஷின் ஃபெயிலுன்னு காட்டும். நல்லா ஒரு ரவுண்டு அடிச்சு, சூடு பண்ணிகினு வரணும். டெஸ்ட் முடியற வரைக்கும் அணைக்கவே கூடாது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கால் தரையில் ஊன்றியிருந்தும் ஸ்கூட்டர் சாய்வது போல இருந்தது. பூந்தமல்லி வரை ஓடியது ஊர் சுற்ற இல்லை. மேல் கியர் வேண்டாம் என்றது ரேஸுக்கு இல்லை. அந்த மனிதர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஒரு விரலால், தன் வண்டியைப் பரிசோதனைக்குத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார். அவர் சொல்லிக் கொடுத்த சட்டத்தை வைத்தே நான் அதைக் கெடுத்திருக்கிறேன்.

சான்றிதழ் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். பால்கனியில் உட்கார்ந்து, கீழே இப்போது யாரோ பைக் நிறுத்தும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு வரிசையில தட்டினீங்களே, வண்டியை அணைக்காதேன்னுதானே சொன்னீங்க?"

அந்த இடத்திலிருந்து பார்வையை என் பக்கம் திருப்பினார். பிறகு கண்ணை மூடித் திறந்தார்.

என்னைத் திட்டுவதற்காவது அவருக்குக் கொஞ்சம் பேச்சு மிச்சமிருந்திருக்கலாம். இத்தனை மாதமாக ஒரு கோபம்கூடக் காட்டவில்லை. நான் அழுதேன், மகனிடம் அழ மாட்டேன் என்று சொன்னவள்தான். அவர் இடது கையை நீட்டி என் கை மேல் வைத்தார், காரில் வைத்தது போலவே. அன்றைக்கு அவருக்குத் தாகமே இல்லை. நான் கொடுத்தேன் என்பதற்காக அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார்.