விபூதி போட்டுத் துடைத்த ஹார்ட் டிஸ்க்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அடி அண்ணாமலையில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். கிரிவலப் பாதையில் யார் துணையும் இல்லாமல் லாட்ஜ் கட்டினேன். பம்புசெட் மோட்டாரை இன்றும் நானே பிரித்து மாட்டுவேன்.

போன வருடம் என் மகன் இறந்துபோனான். அவன் பேசிய வீடியோக்கள் எல்லாம் மருமகளின் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன. பீரோவில் பத்திரம் தேடும்போது என் கை பட்டு அது கீழே விழுந்தது. கம்ப்யூட்டரில் மாட்டினால் டிக் டிக் என்றது, ஒன்றும் தெரியவில்லை.

"தொடாதீங்க மாமா, சென்னையில ரிப்பேர் கடைக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றாள் மருமகள்.

மோட்டாரையே பிரிக்கிறவனுக்கு இது என்ன பெரிசு? அவள் வேலைக்குப் போனதும் பிரித்தேன். உள்ளே வெள்ளித் தட்டு மாதிரி ஒன்று, அதில் லேசாக அழுக்கு. குத்துவிளக்கைத் துடைப்பதுபோல விபூதி போட்டு மேல்பக்கத்தைப் பளபளவென்று துடைத்துவிட்டேன்.

சென்னைக் கடைக்காரர் சிரித்தாராம். "பிரிக்காம கொண்டாந்திருந்தா முக்காவாசி எடுத்திருக்கலாம். யாருங்க இதுல மாவு கொட்டினது?" தட்டின் அடிப்பக்கத்திலிருந்து நாற்பது போட்டோ தேறியது. வீடியோ ஒன்றுகூட இல்லை.

"பாப்பா தினம் அப்பா குரலைக் கேட்டுட்டுதான் தூங்கும். இன்னைக்கு நீங்களே தூங்க வைங்க மாமா" என்றாள் மருமகள்.

இப்போது விழுந்த டிஸ்க்கை நான் தொடுவதே இல்லை. நீங்களும் அப்படியே விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆனால் போட்டோக்களைக் காப்பாற்றியது கடைக்காரர்தான் என்று மருமகள் ஊரெல்லாம் சொல்கிறாள். அடிப்பக்கத்தைத் துடைக்காமல் விட்டது யார்? என் பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.