பின் இடது சக்கரம்... சரி!

"கேஸ் அடைப்பு... சரி! பின்கதவு... சரி! குடை... சரி!"

வலது ஆள்காட்டி விரலை ஒவ்வொன்றின் மீதும் நேராக நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி சொன்ன பிறகுதான் மினோவா வீட்டைவிட்டுக் கிளம்புவார். காலை ஐந்து ஐம்பது. பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அலாரம் வாங்கும் செலவு மிச்சம். வாசலில் தூக்கக் கலக்கத்தோடு நிற்கும் அவர் மனைவி கஸுவே, "என்னை மட்டும் ஏன் விட்டுட்டீங்க? பொண்டாட்டி சரியான்னு பாத்துட்டுப் போங்க" என்று வம்புக்கு இழுப்பார். மினோவா திரும்பி, அவரையும் சுட்டி, "பொண்டாட்டி... சரி!" என்பார். கிண்டலுக்குச் சொல்வதில்லை. நிஜமாகவே தலை முதல் கால்வரை பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஓடும் இரண்டு பெட்டி ரயிலை முப்பத்தெட்டு வருடமாக ஓட்டுகிறவர் அவர். சிக்னலைக் கண்டால் கையை நீட்ட வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது அவர்கள் தொழிலின் சட்டம். அந்தச் சட்டம் ரயிலோடு நிற்காமல் குளியலறைக் குழாய், சூப்புக்கான மிசோ விழுது டப்பாவின் மூடி, பூனை என்று வீடு முழுக்கப் பரவிவிட்டது. பலன் என்னவென்றால், முப்பத்தெட்டு வருடத்தில் அவர் பெயரில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அறுபது முடிந்த பிறகும் ரயில் ஓட்டுகிறீர்களா, இல்லை டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறீர்களா, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று. ஓட்டத்தான் ஆசை. அதைச் சொல்லும்போதே அவர் முகம் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஆகிவிடும். அடுத்த நிமிஷமே, "ஆனா தோகி-சான், பின்னால பள்ளிக்கூடம் போற நூறு பசங்க உக்காந்திருக்காங்க. என் கை தடுமாறுதுன்னு தெரிஞ்சா, யாரும் சொல்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். நானே எறங்கிடுவேன்" என்பார்.

தோகி-சான் என்பது நான்தான். முப்பத்து நான்கு வருடம் நகராட்சி வரிப் பிரிவில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். என் மேசைக்கு வந்த காகிதம் எதுவும், கையெழுத்துக்குப் பதில் நாங்கள் குத்தும் பெயர் முத்திரை இல்லாமல் வெளியே போனதில்லை. படித்துப் பார்த்துக் குத்தினேனா என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

வம்பு கஸுவே வாயிலிருந்துதான் ஆரம்பித்தது. அவர்களுடைய பதினான்கு வயதுச் சாம்பல் கார் ரயில்வே கேட்டைத் தாண்டும்போதெல்லாம் தூக்கிப் போடும். "உங்க ரயில்ல உக்காந்தா தூக்கம் வருது. உங்க கார்ல உக்காந்தா குடல் வாய்க்கு வருது" என்றார் ஒருநாள். ரயில்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலு சக்கரத்துக்கும் புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர் வரவழைத்தார். மெக்கானிக் வேண்டாம், வீட்டு முற்றத்திலேயே மாட்டிவிடலாம் என்றார். உதவிக்கு என்னைக் கூப்பிட்டார். என் வீட்டில் பல்பு மாற்றுவதற்கே என் மனைவி ஆள் கூப்பிடுவாள் என்பது அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கையில் ஒரு தாள் இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட தாள். நாற்பத்து நான்கு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டம். அவர் வரியை உரக்கப் படிப்பார். நான் அந்த இடத்தை விரலால் சுட்டி "சரி!" என்பேன். அவர் ஒரு கட்டத்தில் டிக் போடுவார், நான் அடுத்த கட்டத்தில் முத்திரை குத்துவேன். டார்ச் பிடிப்பதும் என் வேலை. அவருடைய தடித்த விரல்கள் நுழையாத இடத்தில் ஒயர்களின் பிளக்கைச் சொருகுவதும் என் வேலை. முத்திரைக்கென்றே பிறந்த கட்டை விரல் என்னுடையது, சந்தோஷமாகத்தான் சேர்ந்தேன்.

மூன்று சக்கரம் வரைக்கும் நான் யோக்கியன். நான்காவது பின் இடது. அந்தச் சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று பிரேக்குக்குச் சொல்ல ஒரு சென்சார் உண்டு. வேலைக்காகக் கழற்றி வைத்த அதன் பிளக்கை நான் திரும்பச் சொருக வேண்டும். கார் அடியில் மல்லாந்து கிடந்தேன். முட்டி கழன்றுவிடும்போல் இருந்தது. சமையலறையிலிருந்து கஸுவே, "உடோன் ஆறுது! நூடுல்ஸ் ஊறிப் போச்சுன்னா என்னைச் சொல்லக் கூடாது!" என்று கத்தினார்.

"நாற்பத்தொண்ணு. பின் இடது, சென்சார் பிளக்!" என்றார் மினோவா.

"சரி!" என்றேன். விரலையும் நீட்டினேன். சமையலறைப் பக்கமாக.

சாப்பிட்டுவிட்டு வந்து சொருகிக்கொள்ளலாம் என்று நினைத்தது சத்தியம். சாப்பிட்ட பிறகு அது நினைவுக்கே வரவில்லை என்பதும் சத்தியம். இன்னும் கேளுங்கள். உடோனை உறிஞ்சிக்கொண்டே, பாக்கி இருந்த கட்டங்கள் அத்தனையிலும் டொக் டொக்கென்று முத்திரையைக் குத்தி முடித்தேன். பழக்க தோஷம். அப்புறம் மினோவா மீதிப் போல்ட்டுகளை இறுக்கினார், சக்கரத்தை மாட்டினோம், மூன்று பேரும் காரில் ஏறினோம்.

ரயில்வே கேட்டைக் கார் மெத்தையில் உருளுவதுபோல் தாண்டியது. "அட, குடல் இருந்த இடத்துலயே இருக்கு!" என்று கஸுவே கைதட்டினார். மினோவா காது வரை சிரித்தார். அப்போதுதான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பிரேக்குக்கான மஞ்சள் விளக்கு எரிவதைப் பார்த்தார்.

திங்களும் செவ்வாயும் வேலை முடிந்து வந்ததும் அதே பிழைப்பு. பேட்டரியைக் கழற்றி மாட்டுவார்; விளக்கு அணையும். பத்து மீட்டர் நகர்ந்தால் மறுபடி எரியும். "மஞ்சள்னா மெதுவா போன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாத சிக்னலா?" என்று கஸுவே சீண்டினார். மினோவா சிரிக்கவில்லை.

நான் என் பங்குக்கு, "அந்தப் பல்பையே கழட்டிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"உங்க ஆபீஸ்ல இப்படித்தான் வேலை பாத்தீங்களா?" என்றார் மினோவா.

புதன்கிழமை அவருக்கு விடுமுறை. சக ஓட்டுநர் ஒருவரிடமிருந்து, காரோடு இணைத்தால் என்ன கோளாறு என்று எழுத்தில் சொல்லும் சின்னக் கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். இணைத்தார். 'பின் இடது சக்கரம்: சென்சாரிலிருந்து தகவல் இல்லை' என்று வந்தது. அப்போதுதான் எனக்கு அந்த உடோன் நினைவுக்கு வந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினால், உள்பக்கம் அந்தப் பிளக் சேற்றைப் பூசிக்கொண்டு அநாதையாகத் தொங்கியது. அவர் விரல் நுழையவில்லை. நானே துடைத்துச் சொருகினேன். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான் வேலை. தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தோம். விளக்கு போயே போய்விட்டது.

கஸுவே பீர் எடுக்க உள்ளே ஓடினார். மினோவா மட்டும் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். நாற்பத்தொன்றாம் வரியில் என் முத்திரை செக்கச் செவேலென்று இருந்தது.

"நீங்க சொருகியிருக்கீங்க. முத்திரை இருக்கு" என்றார் மெதுவாக. "அதுக்கப்புறம் கீழ் போல்ட்டை இறுக்கினது நான். அப்பதான் என் கை பட்டுப் பிடுங்கிக்கிட்டிருக்கணும். பிடுங்கினது கைக்கே தெரியல பாருங்க."

"அதனால என்ன, இப்பதான் சரியாப் போச்சே."

"காருன்னா சரியாப் போச்சு." உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையோட நாளைக்கு எப்படி ரயில்ல ஏறுவேன்? வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு இழுக்கணும். கவுண்டருக்கே போயிடறேன்னு இப்பவே சொல்லிடறேன்."

பீர் பாட்டிலோடு வந்த கஸுவே அப்படியே நின்றுவிட்டார். மினோவா போனை எடுத்து எண்ணைத் தேடினார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சும்மா இருந்துவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். கவுண்டரில் ஹீட்டர் உண்டு, குளிர்காலத்தில் அவருக்கும் நல்லதுதானே என்றெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். அவர் போனைக் காதில் வைத்தார். பெட்டிமேல் உட்கார்ந்தபடியே முதுகை நேராக நிமிர்த்திக்கொண்டார். என்னால் தாங்க முடியவில்லை.

"மினோவா-சான், போனை வைங்க. நான் அதைச் சொருகவே இல்ல."

"என்னது?" என்று போனை அணைத்தார்.

"உடோன் ஆறுதுன்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

"சரின்னு சொன்னீங்களே?"

"சும்மா சொன்னேன்."

"அப்ப முத்திரை?"

"சாப்பிடும்போது மொத்தமாக் குத்தினது. ஒரு வரி கூடப் படிக்கல."

"பாக்காமலா குத்தினீங்க?"

"முப்பத்து நாலு வருஷமா அப்படித்தான்."

"அடப்பாவி மனுஷா!" என்றார் கஸுவே. அவர் கையிலிருந்த பாட்டில் என் தலையில் இறங்கப்போகிறது என்றே நினைத்தேன்.

மினோவா எழுந்தார். என் எதிரே வந்து நின்றார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். நல்ல அடியாக விழட்டும், வாங்க வேண்டியதுதான் என்றிருந்தது.

ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தேன். கிரீஸ் கறை படிந்த கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து, இடுப்பை மடக்கி, அவர் என் முன்னால் ஆழக் குனிந்திருந்தார். "அப்ப என் கை தடுமாறல. ரொம்ப நன்றி" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நானும் பதறிக் குனிந்தேன். நான் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தும் அவர் நிமிரவில்லை.