உள்ளங்கைக்கு அடியில் இருந்த வரி

பினாங்குத் துறைமுகத்துக்கு எதிரே, கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி அவர். நரைத்த மீசை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கையெழுத்து வாங்கும்போது ஒப்பந்தத் தாளின் அடிப்பகுதியில் உள்ளங்கையை ஊன்றிக்கொள்வார். தாள் பறக்காமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். என் அண்ணனும் என் கண்முன்னே அப்படித்தான் கையெழுத்துப் போட்டான்.

வேலைக்குச் சேர்ந்த ஏழாம் மாதம் கப்பலில் இரும்புக் கயிறு அறுந்து அண்ணனுக்கு ஒரு கால் போயிற்று. வழக்குப் போட வழி கேட்டு அவரிடமே போனேன். அவர் அதே தாளை எடுத்துக் கடைசி வரியைக் காட்டினார்.

"எந்த கேஸா இருந்தாலும் லண்டன் கோர்ட்லதான் போடணும் தம்பி. அந்த ஊர்ச் சட்டம்தான்."

"லண்டனுக்கு நாங்க எப்படிலா போறது? அன்னிக்கே ஏன் சார் சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்க அண்ணன் எழுந்து போயிருப்பாரா?"

போயிருக்க மாட்டான். இரண்டு வருஷம் வேலையில்லாமல் இருந்தவன். படியிறங்கினேன்.

பாதிப் படியில்தான் உறைத்தது. அந்த அறையில் ஜன்னலும் இல்லை, காற்றாடியும் இல்லை.