அரை மணி நேரம் என்று சொன்னேன்

திண்டிவனத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். ஒரு மதியம், பிக்கப் இல்லாமல் திணறிக்கொண்டே ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சென்னையிலிருந்து கோட்டக்குப்பம் போகிறவர். அங்கே அவருடைய அம்மா இறந்துவிட்டார்.

"சாயங்காலம் அஸர் தொழுகைக்கு மேல உடம்ப வச்சிருக்க மாட்டாங்க. வண்டிய உட்டுட்டு பஸ்ல போயிடட்டுமாண்ணே?" என்று கேட்டார்.

"உக்காருங்க பாய். ஜல்தியா முடிச்சிடறேன், அரை மணி நேரம்" என்றேன்.

சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு. டீசல் ஃபில்டர்தான் என்று அடித்துச் சொல்லி மாற்றினேன். திணறல் போகவில்லை. பம்பைப் பிரித்தேன். அவர் மறுபடியும் பஸ்ஸைப் பற்றிக் கேட்டார். "தோ, முடிஞ்சிடுச்சி பாய்" என்றேன்.

கடைசியில்தான், எஞ்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கிற சென்சார் ஞாபகம் வந்தது. அதன் கனெக்டரைப் பிடுங்கினேன். எஞ்ஜின் உடனே சீராக ஓடியது. சென்சார்தான் காற்றின் அளவைத் தப்பாகச் சொல்லியிருக்கிறது. அது இல்லாமலும் வண்டி ஓடும்; வந்ததுமே அதைப் பிடுங்கியிருந்தால் அப்படியே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். அவர் காதில் போன் இருந்தது. "மண்ணு போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு என்னிடம், "ஆஃப் பண்ணிடுங்கண்ணே. இனிமே அவசரம் இல்ல" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

சீராக ஓடும் எஞ்ஜின் சத்தம், அதுவரை எனக்கு மிகவும் பிடித்த சத்தமாக இருந்தது.