முகில் விழுந்த படம்

படுவான்கரைக்கு யாரும் போக முடியாத காலத்தில், அங்கே என்ன விளைகிறது என்று சொல்வதுதான் எனக்கு உத்தியோகம். மட்டக்களப்புப் பட்டணத்தில் எங்கள் அலுவலக மாடியில் நின்றால் வாவிக்கு அந்தப் பக்கம் அந்தக் கரை கண்ணுக்கே தெரியும். வள்ளத்தில் ஏறினால் ஒரு வாய் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம். ஆனால் சண்டையால் துறையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் பக்கத்து வயலைப் பார்க்க நாங்கள் ஆகாயத்துக்குப் போய்ச் சுற்றி வந்தோம். மூக்கை இப்படித் தொடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

கடல் வந்து ஊரை அள்ளிப் போன பிறகு வந்து இறங்கிய நிவாரண நிறுவனங்களில் எங்களுடையதும் ஒன்று. செய்மதி என்கிற செயற்கைக்கோள் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை எங்கள் தலைக்கு மேலே போகும். அது எடுத்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, எந்த நிலத்தில் வேளாண்மை நிற்கிறது, எது காடு பற்றிக் கிடக்கிறது என்று பிரிக்க வேண்டும். அந்தப் படங்களில் பச்சை பச்சையாகத் தெரியாது. உயிருள்ள இலை சிவப்பாகத் தெரியும். விதைத்த வயல் முதலில் தண்ணீர் கட்டிக் கறுப்பாக இருக்கும், பிறகு மெல்லச் சிவக்கும், கதிர் முற்றும்போது வெளிறும், வெட்டியதும் சிவப்பு அடியோடு போய்விடும். விதைக்காத நிலம் முதல் மழைக்கே புல் முளைத்து, மங்கலான ஒரு சிவப்பில் அப்படியே கிடக்கும். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். வரிசையாகப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அந்த வருடம் படுவான்கரையின் பெரும்பாகம் மங்கல் சிவப்பு. ஷெல் விழத் தொடங்கியதும் சனம் விதை நெல்லையும் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. என் அக்காவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்தான் துறைவரை வந்து அவர்களை வள்ளத்தில் ஏற்றிவிட்டு, “விதைச்சுப்போட்டு வாறன்” என்று சொல்லித் திரும்பிப் போனார். அடுத்த நாள் துறையைப் பூட்டிவிட்டார்கள்.

எங்கள் பகுதியில் வீடும் வயலும் பெண் பிள்ளைக்குத்தான். அந்த வயல் அம்மாவிடமிருந்து அக்காவுக்குச் சீதனமாக வந்தது. அத்தான் அதற்குள் வந்து சேர்ந்த மனிதர். “என்ர வயலுக்காகத்தானே நிண்டவர்” என்று அக்கா சொல்லிச் சொல்லி அழுவாள். அம்மா அவளைத் தேற்றவும் மாட்டாள், சும்மா இருக்கவும் மாட்டாள். “அந்த மனிசன் வரம்பு உடைஞ்சா அண்டைக்கே கட்டிப்போட்டுத்தான் சோறு தின்னும். விதைக்காம வருமா?” என்பாள். அது அவளுக்கு ஆறுதல் வார்த்தை.

அலுவலகத் திரையில் எங்கள் வயல் ஒரு நகக்கண் அளவுதான். வாய்க்கால் வளைகிற இடத்தை வைத்து அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கார்த்திகையில் ஒரு படம் வந்தது. சுற்றிவர மங்கல் சிவப்பு, நடுவில் எங்கள் வயல் மட்டும் கன்னங்கரேலென்று தண்ணீர் கட்டிச் சதுரமாகக் கிடந்தது. அத்தான் உழுதுவிட்டார். கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டேன்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கல்லடிப் பாலத்துச் சோதனையில் படுவான்கரையின் வரைபடம் பையில் அகப்பட்டால், அதற்குப் பிறகு என்னைத் தேடித்தான் படம் எடுக்க வேண்டிவரும். அதனால் நிறத்தை வாயில் கொண்டுபோனேன். படலையைத் திறக்கும்போதே அக்கா கேட்பாள்.

“இண்டைக்கு என்ன நிறம் புள்ள?”

“கறுப்பு. தண்ணி நிக்கிது.”

மார்கழி முழுக்க மழை. முகில் விழுந்த படங்கள் துவைத்த வேட்டி மாதிரி வெள்ளையாக வந்தன. தையில் வானம் வெளித்ததும் எங்கள் வயல் மிளகாய் இடித்த கட்டைச்சம்பல் போலச் சிவந்து கிடந்தது. அன்று அக்கா தலைக்கு எண்ணெய் வைத்தாள். வந்த நாளிலிருந்து அதைத் தொட்டிருக்கவில்லை. செய்மதி போவது காலையில் என்று ஒருமுறை சொல்லியிருந்தேன். “அந்த நேரம் காவல் வாடிக்குள்ள இருந்து பழஞ்சோறு தின்னுவார். ஆளைத் தெரியாதா?” என்று கேட்டாள். ஆள் தெரியாது, யானை நின்றாலும் தெரியாது என்றேன். அவளுக்கு என்மேல் கோபம் வந்துவிட்டது. சிவப்புத் தெரிகிறதாம், சிவக்க வைத்தவன் தெரியவில்லையாம், இது என்ன கண் என்றாள். எனக்கும் அந்தக் கண்மேல் கோபம்தான்.

மாசியில் வெளிறியது. அடுத்த படத்தில் சிவப்பும் இல்லை, வெளிறலும் இல்லை. வெறும் நிலம்.

“நிறம் போயிட்டு அக்கா.”

“வெட்டியாச்சு!” அம்மா கையைத் தட்டினாள்.

புது நெல் கைக்கு வரவில்லை, ஆனாலும் அம்மா கடை அரிசியில் புக்கை பொங்கினாள். வேளாண்மை வெட்டினால் புதிர் என்று முதல் சோறு சாப்பிட வேண்டும், அரிசி யாருடையதானால் என்ன என்றாள். அக்கா முதல் பிடியை வாழையிலையில் வைத்து மேற்கே பார்த்து வைத்தாள். நானும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பிள்ளை அப்பா வருவார் என்று வாசலில் போய் நின்றது. வெட்டிய மனிதன் ஏதோ ஒரு வழியாக வந்து சேர்வான் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

அவர் வரவில்லை. சண்டை முடிந்த பக்கங்களுக்குச் சனத்தை மெல்ல மெல்லப் போக விட்டார்கள். எங்கள் வட்டைக்கு அனுமதி கிடைத்த அன்று நானும் அக்காவும் போனோம். வட்டை என்றால் ஒரே தொடராகக் கிடக்கும் வயல்வெளி. அது ஆளுயரப் புல்லாக நின்றது. எங்கள் வயல் மட்டும் குட்டையாகத் தெரிந்தது. வாடி சரிந்து கிடந்தது. சரிந்த கூரையின் கிடுகுக்குள் அவருடைய கதிர் அறுக்கிற தாக்கத்தி செருகினபடியே துருப்பிடித்து இருந்தது. களவெட்டியில் கதிரைக் குவித்துச் சூடு வைத்த அடையாளமும் இல்லை, வைக்கோல் ஒரு துரும்பும் இல்லை.

அக்கா வயலுக்குள் இறங்கிக் குந்தி ஒரு நெல் தாளைப் பிடுங்கினாள். பிறகு இன்னொன்று. தாக்கத்தி பட்ட தாள் சரிவாக, ஒரே வெட்டாக இருக்கும். அவள் கையில் இருந்தவை நார்நாராகக் கிழிந்து, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் இருந்தன. சனம் ஓடும்போது அவிழ்த்துவிட்ட மாடுகள் முழு வயலையும் தின்று மிதித்துவிட்டுப் போயிருந்தன. மேலே இருந்து பார்க்கிறபோது மாடு தின்றதும் மனிதன் வெட்டியதும் ஒன்றுதான்.

“அவர் இருந்தா மாட்டை இறங்க விட்டிருக்கமாட்டார்” என்றாள். அழவில்லை. தாள்களை முந்தானையில் முடிந்துகொண்டாள். அத்தானின் உடம்பு கிடைக்கவில்லை. கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். எனக்கு அந்த வயலுக்கு நெருப்பு வைக்கலாம் போலிருந்தது.

நாள் தெரியாமல் போனவர்களுக்கு ஆடி அமாவாசையில் அமிர்தகழிக்குப் போய்த் தீர்த்தமாடி எள்ளும் தண்ணீரும் இறைப்பது வழக்கம். அம்மா அதைச் சொன்னாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “எல்லாரோடயும் சேத்துவிட அவர் ஆரும் இல்லாத ஆளா? அவருக்கெண்டு ஒரு திதி வேணும்.” அடுத்த நாள் காலை என்னோடு பாலத்தைக் கடந்து அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அத்தனை மாதமாக என் வாயால் கேட்ட நிறங்களை அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

“எந்தப் படத்தில இருந்து அவர் இல்ல? பாத்துச் சொல்லு.”

இப்படி ஒரு வேலையை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கார்த்திகைப் படத்திலிருந்து தொடங்கினேன். நாலு மூலையும் அறுத்து வைத்தது போன்ற கறுப்புச் சதுரம். அடுத்த படங்கள் மார்கழி முகில், ஒன்றுமே தெரியவில்லை. அதற்கடுத்தது தைப் படம், அக்கா தலைக்கு எண்ணெய் வைத்த படம். அதைப் பெரிதாக்கினேன். வாய்க்கால் பக்க மூலையில் சிவப்பு இல்லை. எலி கடித்தது போல ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. தண்ணீர் புகுந்து பயிரை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது மிச்சச் சிவப்பைக் கண்ட சந்தோசத்தில் அந்த மூலையை நான் கவனித்திருக்கவில்லை.

நான் சொல்வதற்கு முன் அக்கா விரலை அந்த மூலையில் வைத்தாள்.

“வரம்பு உடைஞ்சிரிக்கு” என்றாள். “கட்டயில்ல.”

தையில் சிவந்ததெல்லாம் தானாகச் சிவந்தது. அவள் தலைக்கு எண்ணெய் வைத்தபோதும், நாங்கள் புக்கை தின்றபோதும் அவர் இல்லை. நெல் தன் பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. அக்கா தைப் படத்திலிருந்து விரலை எடுத்து, அதற்கு நேர் முன்னால் இருந்த வெள்ளைப் படத்தில் வைத்தாள்.

“இதுக்குள்ளதான். இது எடுத்த நாளைச் சொல்லு.”

சொன்னேன். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதி குறித்தோம். மார்கழியில் அந்தத் திதி வருகிறபோது அக்கா அத்தானுக்குப் படைக்கிறாள். அநேகமாக அன்றும் மழை பெய்யும்.